ஏழு பேரைக் காணோம்!

எந்த ஆபீஸுக்காவது போய் 'செந்தில்!' என்று சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். குறைந்தது இரண்டு தலை திரும்பும். மூன்றாவது செந்தில் டீ குடிக்கப் போயிருப்பார். இவர்களைப் பிரித்து அறிய யாரும் கமிட்டி போடுவதில்லை. அக்கவுண்ட்ஸ் செந்தில், உயரமான செந்தில், புல்லட் செந்தில் என்று ஆளுக்கொரு அடைமொழி தானாக முளைத்துவிடுகிறது. 'அதான் இனிஷியல் இருக்கே' என்பீர்கள். எஸ்.செந்தில்குமார்களை மட்டும் வைத்து ஒரு கிரிக்கெட் டீம் சேர்க்கலாம், அம்பயர் உள்பட.

மனிதர்களுக்கு இந்த ஏற்பாடு போதும். கம்ப்யூட்டருக்குப் போதாது. 'உயரமான' என்றால் அதற்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு எண் வேண்டும். அந்த எண் வேறு யாருக்கும் வரக்கூடாது. இன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே.

அந்த எண்ணை யார் கொடுப்பது என்பதில்தான் சமாசாரமே இருக்கிறது.

ஒரே ஒரு தலைமை அலுவலகம் உட்கார்ந்து கொடுப்பது ஒரு வழி. ஆதார் அப்படித்தான். 2010-ல் கொடுக்க ஆரம்பித்தார்கள். 12 இலக்கம். அதில் கடைசி இலக்கம், முந்தைய 11-ஐயும் சரிபார்க்கும் காவல்காரன். ஃபெர்ஹூஃப் என்கிற டச்சுக் கணிதக்காரர் 1969-ல் சொன்ன முறை அது. ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி அடித்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். எண்ணைப் பார்த்து ஊரையோ வயதையோ யாரும் கண்டுபிடிக்க முடியாது. எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் அந்தத் தலைமை அலுவலகத்தின் வாசலுக்குப் போயாக வேண்டும்.

தலைமை அலுவலகமே இல்லாமல் அவரவர் இஷ்டத்துக்கு எண் போட்டுக்கொள்வது இன்னொரு வழி. கேட்டால் அடிதடியில் முடியும் போலத் தோன்றும். முடியவில்லை. உலகம் முழுக்க ஏராளமான கம்ப்யூட்டர்கள் இப்படித்தான் குடித்தனம் நடத்துகின்றன. இந்த எண்ணுக்குப் பெயர் யூ.யூ.ஐ.டி. விரித்துச் சொன்னால் 'யுனிவர்சலி யூனிக் ஐடென்டிஃபயர்'. 1980-களில் அப்போலோ என்ற கம்பெனியில் பிறந்தது (ஆஸ்பத்திரி இல்லை, அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருந்த கம்ப்யூட்டர் கம்பெனி). 2005-ல் ஆர்.எஃப்.சி. 4122 என்ற ஆவணத்தில் இதற்கு முறையாக விதி எழுதினார்கள். 2024 மே மாதம் அதைத் திருத்தி ஆர்.எஃப்.சி. 9562 வந்தது.

பார்க்க எப்படி இருக்கும்? 32 இலக்கம், நடுவில் நாலு சின்னக் கோடு, ஆக 36 எழுத்து. எட்டு, நாலு, நாலு, நாலு, பன்னிரண்டு என்று கூட்டம் கூட்டமாக நிற்கும். ஒவ்வொரு இலக்கமும் 0 முதல் 9 வரை, அல்லது ஏ முதல் எஃப் வரை, ஆகப் பதினாறில் ஒன்று. ஜி, ஹெச்சுக்கெல்லாம் அனுமதி இல்லை. இந்த ஜி-யை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறார்.

முதல் ரக யூ.யூ.ஐ.டி. நேரத்தையும் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அட்டை எண்ணையும் சேர்த்துக் கட்டியது. நேரம் என்றால் எப்போதிலிருந்து? 1582 அக்டோபர் 15-லிருந்து! கிரிகோரியன் காலண்டர் ஆரம்பித்த நாள் அது. அதற்கு முந்தின நாள் அக்டோபர் 4. நடுவில் பத்து நாளைப் போப்பாண்டவர் உத்தரவு போட்டு எடுத்துவிட்டார். அந்த நாளிலிருந்து ஒரு செகண்டை ஒரு கோடியாக வெட்டி, எத்தனை துண்டு ஓடியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வருவது. பிரமாதமான யோசனைதான். ஆனால் எண்ணைப் பார்த்தால் எந்த மெஷினில் உண்டானது என்று தெரிந்துவிடும். 1999-ல் மெலிஸா வைரஸ் உலகத்து ஈ-மெயிலை ஸ்தம்பிக்க வைத்தபோது, வேர்டு ஃபைலுக்குள் ஒளிந்திருந்த இப்படி ஓர் எண் தேடியவர்களுக்கு ஒரு துப்பாகப் பயன்பட்டது. திருடனைப் பிடிக்க உதவினால் சரி. உங்களையும் என்னையும் பிடிக்க உதவினால்?

அதனால் இப்போது அதிகம் புழங்குவது நாலாவது ரகம். அதில் நேரமும் இல்லை, மெஷினும் இல்லை. சுத்தமான பூவா தலையா. 122 தடவை காசைச் சுண்டிப்போட்டு, விழுந்ததை வரிசையாக எழுதிக்கொண்டால் அதுதான் எண். மொத்தம் 128 பிட். அதில் ஆறு பிட் 'நான் நாலாவது ரகம்' என்று சொல்லிக்கொள்ளப் போய்விடுகிறது. மூன்றாவது கூட்டத்தின் முதல் எழுத்து எப்போதும் 4. நாலாவது கூட்டத்தின் முதல் எழுத்து 8, 9, ஏ, பி இவற்றில் ஒன்று. அடுத்த தடவை ஒரு யூ.யூ.ஐ.டி.யைப் பார்த்தால் சரிபார்த்து, பக்கத்து சீட்காரரை அசத்தலாம்.

'ரெண்டு பேர் காசும் ஒரே மாதிரி விழுந்துட்டா?' நியாயமான கேள்வி. ஓர் அறையில் 23 பேர் இருந்தால், இரண்டு பேருக்காவது ஒரே பிறந்த நாள் இருக்க வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் மேல். நம்ப மாட்டீர்கள், ஆனால் கணக்கு அப்படி. 365-க்கே இந்தக் கதி என்றால் யூ.யூ.ஐ.டி. என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. 53 போட்டு, பக்கத்தில் 35 பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அத்தனை எண்கள் இருக்கின்றன. செகண்டுக்கு நூறு கோடி வீதம் சுமார் 86 வருஷம் ஓயாமல் போட்டுத் தள்ளினால்தான், ஒரே ஒரு ஜோடி இரட்டையாக வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி ஆகிறது.

ஒரே ஒரு நிபந்தனை. காசு நேர்மையான காசாக இருக்க வேண்டும்.

*

இங்கேதான் நம் புது ஆசாமி உள்ளே வருகிறார். ஏ.ஐ. அசிஸ்டென்ட்.

கவிதை எழுதுவார். லீவ் லெட்டர் எழுதுவார். மேனேஜரின் பதில் எப்படி வரும் என்று முன்கூட்டியே சொல்வார். ஆனால் அவருக்குப் பூவா தலையா போடத் தெரியாது. அவர் பிழைப்பே, இதுவரை வந்த எழுத்தைப் பார்த்து, அடுத்து எந்தத் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதுவது. அதில் கொஞ்சம் பகடை உருட்டலும் உண்டு. ஆனால் பகடையின் ஒரு பக்கம் கனம். '1-லிருந்து 100-க்குள் ஏதாவது ஒரு எண் சொல்லு' என்று கேட்டால் 42, 47, 73 என்று சில பேரையே திரும்பத் திரும்ப அழைத்து வருவார். மனிதர்களும் யோக்கியமில்லை. பத்துக்குள் ஓர் எண் நினைக்கச் சொன்னால் நம்மில் ஏகப்பட்ட பேர் 7-தான் நினைக்கிறோம். அவர் படித்ததெல்லாம் நாம் எழுதியதைத்தானே.

யூ.யூ.ஐ.டி. கேட்டால்? தயங்கவே மாட்டார். 'ஏ1பி2சி3டி4' என்று ஆரம்பிப்பார். எழுத்து, எண், எழுத்து, எண் என்று பள்ளிக்கூடப் பையன் அசெம்பிளிக்குப் போகிற மாதிரி கைகோத்துக்கொண்டு வரும். அடுத்தது கேட்டால் 'பி2சி3டி4ஈ5'. பார்ப்பதற்குக் கச்சிதம். கோடு எல்லாம் சரியான இடத்தில். இது நிஜக் காசா, சாக்லேட் காசா என்று பார்வையில் தெரியாது.

நான் வேலை பார்ப்பது கோவையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. ரத்தப் பரிசோதனை லேபுகளுக்கு சாஃப்ட்வேர் செய்து தருகிறோம். ஒரு லேபின் பழைய பதிவுகளைப் புது சாஃப்ட்வேருக்கு மாற்றும் வேலை. சோதனை ஓட்டத்துக்கு முதலில் 200 பேர். பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பழைய பதிவு எண், வயது, குறிப்பு மட்டும் வைத்து ஒரு ஃபைல். எங்கள் ஜூனியர் பையன் கெட்டிக்காரன். அசிஸ்டென்ட்டிடம் ஃபைலைக் கொடுத்து, 'ஒவ்வொரு வரிக்கும் ஒரு யூ.யூ.ஐ.டி. போடு' என்றான். மூன்று நிமிஷத்தில் போட்டுக் கொடுத்துவிட்டது. அழகான ஃபைல். எடுத்து உள்ளே ஏற்றினான். ஒரு எர்ரர் கூட இல்லை.

ஏற்றியதும் எத்தனை வரி போனது, எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணுவது என் வழக்கம். ரேஷன் கடையில் மூட்டை எண்ணுகிற மாதிரி. உள்ளே போனது 200. உள்ளே இருந்தது 193.

"ஏப்பா, ஏழு பேரைக் காணோமே?"

"எர்ரர் ஒண்ணும் வரலீங்ணா."

"அதானப்பா பயமா இருக்குது."

காரணம் கண்டுபிடிக்க அரை மணி ஆனது. எண்களை வரிசைப்படுத்திப் பார்த்தோம். கைகோத்துப் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து வந்திருந்தார்கள். ஏழு எண்கள் இரண்டு தடவை. நடுவில் சில வரிகளில் எஃப்-ஐத் தாண்டி ஜி, ஹெச் கூட உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தடுத்திருக்க வேண்டிய கட்டம், பழைய சாஃப்ட்வேரிலிருந்து வந்த வெறும் எழுத்துக் கட்டம். எது வந்தாலும் 'வாங்க, உட்காருங்க' என்கிற ரகம். ஏற்றும் புரோகிராமோ, 'இந்த எண் ஏற்கெனவே இருந்தால் பழையதை அழித்துப் புதியதை எழுது' என்று சொல்லப்பட்டது. அது சொன்னபடி செய்திருக்கிறது. ஏழு பேர் மேல் இன்னும் ஏழு பேரை எழுதிவிட்டது.

அழிந்துபோன ஏழு வரிகளை எடுத்துப் படித்தேன். ஆறு சாதாரணம். ஏழாவது ஒரு 62 வயது அம்மாள். குறிப்பு இப்படி: 'ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ஊசி எடுத்த பின் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்கவும்.' யாரோ ஒரு லேப் சிஸ்டர், என்றைக்கோ ஒருநாள் ரத்தம் நிற்காமல் பயந்துபோய் டைப் அடித்து வைத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் இப்போது ஒரு 24 வயது வாலிபர் சௌக்கியமாக இருந்தார். குறிப்பு: 'இல்லை.'

சோதனை ஓட்டம்தான். பழைய ஃபைல் பத்திரமாக இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த 'இல்லை'யைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

*

மறுநாள் ஆபீஸுக்குப் போனதும் ஒரு சின்ன சர்வர் எழுத உட்கார்ந்தோம். சர்வர் என்றதும் ஏ.சி. ரூமும் நீல விளக்கும் கற்பனை பண்ண வேண்டாம். ஓட்டல் சர்வரையே நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் பொருத்தம். கேட்டதைக் கொண்டுவந்து வைப்பார். வேறு எதுவும் செய்ய மாட்டார்.

இதற்கென்று ஒரு பொதுப் பாஷை வந்திருக்கிறது. மாடல் கான்டெக்ஸ்ட் ப்ரோட்டோகால், சுருக்கமாக எம்.சி.பி. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் கம்பெனி வெளியிட்டது. 2025-ல் ஓப்பன் ஏ.ஐ., கூகுள் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த வருஷ டிசம்பரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் ஓர் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு அசிஸ்டென்ட்டுக்கும் ஒவ்வொரு கருவியைத் தனித்தனியாக ஒயர் இழுத்துக் கட்ட வேண்டும். இப்போது பிளக் பாயின்ட் ஒரே அளவு.

எங்கள் சர்வர் பைத்தானில் மொத்தமே முப்பது வரிக்குள். எம்.சி.பி.க்கு ரெடிமேடாக ஒரு கருவிப் பெட்டி கிடைக்கிறது. சாதாரணமாக ஒரு ஃபங்ஷன் எழுதி, அதன் தலையில் 'இது கருவி' என்று ஒரு வரி கிரீடம் வைத்தால் போதும். உள்ளே நடப்பது இதுதான். அசிஸ்டென்ட் ஓடும் புரோகிராம் நம் சர்வரைத் தானே எழுப்புகிறது. முதலில் வணக்கம், பரஸ்பர அறிமுகம். அடுத்து, 'உன்னிடம் என்னென்ன கருவி இருக்கிறது?' நம் சர்வர் மெனு கார்டை நீட்டுகிறது: கருவியின் பெயர், அது என்ன செய்யும், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும். பிறகு பேச்சு நடுவில் தேவை வரும்போது, 'அந்தக் கருவியைக் கூப்பிடு, ஐந்து எண் வேண்டும்' என்று அசிஸ்டென்ட் எழுதுகிறது. புரோகிராம் நம்மிடம் 'கூப்பிடலாமா?' என்று அனுமதி கேட்கிறது. 'சரி' என்றால் சர்வர் ஐந்து எண்ணைக் கொடுக்கிறது. அசிஸ்டென்ட் அதை வாங்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

இந்தப் பேச்சுவார்த்தை நடப்பது, புரோகிராம் சாதாரணமாகத் திரையில் எழுதும் அதே குழாய் வழியாக. ஆகவே சர்வர் எழுதுகிறவர்கள் ஆர்வக் கோளாறில் 'ஹலோ, நான் ரெடி' என்று ஒரு வரி அதில் அச்சடித்தால், அந்தப் பக்கம் குழம்பிவிடும். கல்யாண மந்திரத்துக்கு நடுவில் மைக்கில் 'டி.என். 38 வண்டியை எடுங்கள்' என்கிற மாதிரி. புலம்பல், குறிப்பு எல்லாவற்றையும் பிழை எழுதும் தனிக் குழாயில் விட வேண்டும்.

நேர்மையான காசுக்கு எங்கே போவது? ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதை ரெடியாக வைத்திருக்கிறது. கீபோர்டு எப்போது தட்டப்பட்டது, டிஸ்க் எப்போது பதில் சொன்னது என்பது போன்ற யாராலும் ஊகிக்க முடியாத சில்லறை நேர வித்தியாசங்களையும், சிப்பிலேயே இருக்கும் குலுக்கல் சர்க்யூட்டையும் கலந்து கடைந்து எடுக்கிறது. க்ளவுட்ஃப்ளேர் கம்பெனி சான் ஃபிரான்சிஸ்கோ ஆபீஸ் சுவரில் ஏறக்குறைய நூறு லாவா விளக்குகளை அடுக்கிவைத்து, உள்ளே மெழுகுக் குமிழ் எப்படி எழும்புகிறது என்று கேமராவில் படம் எடுத்து அதிலிருந்தும் கொஞ்சம் குலுக்கல் எடுக்கிறது. எங்கள் ஆபீஸுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் போதும். மேனேஜரிடம் நூறு விளக்கு கேட்டால் என்ன சொல்வார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

மெனு கார்டில் வர்ணனை எழுதும் வேலையை ஜூனியரிடம் கொடுத்தேன். 'யூ.யூ.ஐ.டி. தரும்' என்று இரண்டு வார்த்தை எழுதினான். ஓட்டிப் பார்த்தோம். அசிஸ்டென்ட் ஒரு தடவை கருவியைக் கூப்பிட்டது. இன்னொரு தடவை கூப்பிடாமல் தானே 'ஏ1பி2' என்று ஆரம்பித்துவிட்டது! அதற்குக் கையில் கருவி இருப்பது தெரியும். எப்போது எடுக்க வேண்டும் என்றுதான் யாரும் சொல்லவில்லை. மெனுவில் இருக்கும் அந்த ரெண்டு வரிதான் அதற்குத் தெரிந்த உலகம். மாற்றி எழுதினோம்: 'புதிய அடையாள எண் எப்போது தேவைப்பட்டாலும் இந்தக் கருவியைக் கூப்பிடவும். எண்ணை நீயாக ஒருபோதும் எழுதாதே. உதாரணத்துக்குக்கூட எழுதாதே.'

"ஹாஸ்டல் வார்டன் நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்குதுங்ணா."

"ஹாஸ்டல்ல அது வேலை செஞ்சுதா?"

"ஓரளவுக்கு."

இங்கேயும் ஓரளவுக்கு மேலேயே செய்தது.

பையன் விடவில்லை. "ஒரு சந்தேகமுங்ணா. எண் போட ஒரு புரோகிராம் எழுதிக் குடுன்னா அதுவே எழுதிக் குடுத்துருமே? எதுக்குத் தனியா சர்வரு?"

நல்ல கேள்வி. 200 வரி, 2 லட்சம் வரி என்றால் அவன் சொல்வதுதான் சரி. இன்னும் சரியானது, டேட்டாபேஸையே போடச் சொல்வது. போஸ்ட்கிரெஸ்ஸில் 2020-ல் வந்த 13-வது பதிப்பிலிருந்து அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. எங்கள் புதிய ஏற்பாட்டிலும் மொத்தமாக ஏற்றுவதற்கு அதுதான். சர்வர் எதற்கென்றால், பேச்சு நடுவில் ஒன்றோ இரண்டோ தேவைப்படும்போது. ஒரு மாதிரி ஃபைல், ஒரு டெஸ்ட் வரி, ஒரு செட்டிங் என்று நாள் முழுக்க அசிஸ்டென்ட் எழுதித் தள்ளுகிறதே, அதில் ஒவ்வொரு தடவையும் 'புரோகிராம் எழுதி ஓட்டு' என்று யார் ஞாபகமாகச் சொல்வது? சொல்ல மறந்த அன்றைக்கு அது சும்மா இருக்காது. கற்பனைக் குதிரையைத் தட்டிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சர்வர் நேர்மையான எண்ணைக் கொடுத்தாலும், அதை வாங்கி ஃபைலில் எழுதுவது அதே ஆசாமிதான். ஐந்து எண் என்றால் ஒழுங்காகப் பார்த்து எழுதிவிடும். ஐந்நூறு என்றால் நானும் சரி, நீங்களும் சரி, அதுவும் சரி, எங்கேயாவது கண் சொருகும். ஆகவே ஒரு தடவைக்கு 20 எண்ணுக்கு மேல் கேட்டால் சர்வர் மறுத்துவிடும். 'மொத்தமாக வேண்டுமானால் டேட்டாபேஸிடம் கேள்' என்று பதில் சொல்லும். கூடவே இரண்டாவது கருவி ஒன்றும் வைத்தோம். எண்களின் பட்டியலைக் கொடுத்தால், இரட்டை இருக்கிறதா, ஜி-ஹெச் நுழைந்திருக்கிறார்களா, ரகம் சரியா என்று பார்த்துச் சொல்லும். எனக்கு முதல் கருவியைவிட இதன் மேல்தான் பிரியம் அதிகம்.

எந்த ரகம் கொடுப்பது என்பதிலும் விவாதம் நடந்தது. நாலாவது ரகத்தில் ஒரு குறை. எண்கள் கன்னாபின்னாவென்று வருவதால், டேட்டாபேஸ் தன் அட்டவணையில் ஒன்றை முதல் பக்கத்திலும் அடுத்ததைக் கடைசிப் பக்கத்திலும் தேடித் தேடிச் சொருக வேண்டியிருக்கிறது. 2024 விதியில் ஏழாவது ரகம் வந்திருக்கிறது. முன்னால் 48 பிட் நேரம், பின்னால் 74 பிட் பூவா தலையா. புதிதாகப் பிறந்த எண் எப்போதும் கியூவின் கடைசியில் ஒழுங்காக நிற்கும். பைத்தானில் 2025-ல் வந்த 3.14 பதிப்பிலும், போஸ்ட்கிரெஸ் 18-லும் சேர்த்துவிட்டார்கள். ஆனால் எண்ணைப் பிரித்துப் பார்த்தால் அது எந்த நிமிஷம் பிறந்தது என்று தெரிந்துவிடும். ஒருவர் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு முதன்முதலில் லேபுக்கு வந்தார் என்பது மற்றவர்களுக்கு எதற்கு? உள்ளே புழங்குவதற்கு ஏழாவது, வெளியே போகிற எண்ணுக்கு நாலாவது என்று பேசி முடித்தோம். ரத்தக் குழாய் லேபிளில் மட்டும் வழக்கம் போலச் சின்ன எண்தான். அந்தக் குட்டி லேபிளில் 36 எழுத்து அச்சடித்தால் பூதக்கண்ணாடியும் சேர்த்து சப்ளை பண்ண வேண்டும்.

சாயங்காலம் மேனேஜரிடம் காட்டினோம். பொறுமையாகக் கேட்டார்.

"இதுக்கு எவ்வளவு செலவாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க சார். எல்லாம் இலவசம்."

"அப்ப கஸ்டமருக்கு எப்படிப்பா பில் போடறது?"

பிறகு அந்த 193 விவகாரத்தைச் சொன்னேன். அம்மாளின் குறிப்பை வாசித்துக் காட்டினேன். ஒரு நிமிஷம் கழித்து, எழுத்துக் கட்டத்தை மாற்றி, இரட்டை எண் வந்தால் ஏற்றாமல் அப்படியே நிற்கும்படி பண்ணச் சொன்னார். அதற்கு இரண்டு நாள் கூடுதலாகவும் கொடுத்தார். இரண்டு நாள் கூடுதலாகக் கிடைப்பது எங்கள் தொழிலில் எவ்வளவு அபூர்வம் என்பது சாஃப்ட்வேர்காரர்களுக்குத் தெரியும்.

*

பழைய ஆபீஸ்களில் இரண்டு விதமான கிளார்க் இருப்பார்கள். 'அந்த ஃபைல் நம்பர் என்ன?' என்று கேட்டால், ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடி, '4/327/பி' என்று அடித்துவிடுவார். கம்பீரமாக இருக்கும். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். இன்னொருவர் 'இருங்க' என்று எழுந்து போய், ரெஜிஸ்டரைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்துப் படித்துச் சொல்வார். நேரம் ஆகும். நமக்கு எரிச்சல் வரும். ஆனால் பென்ஷன் பேப்பரை யாரிடம் கொடுப்பீர்கள்?

ஏ.ஐ. அசிஸ்டென்ட் பிறவியிலேயே முதல் ரகம். அதன் குற்றமில்லை, அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். நாங்கள் செய்ததெல்லாம், அதன் பக்கத்தில் ஒரு ரெஜிஸ்டரை வைத்து, 'இந்தக் கேள்விக்கு மட்டும் எழுந்து போய்ப் பார்' என்று எழுதி ஒட்டியதுதான். அடையாள எண்ணுக்குச் செய்ததை இன்றைய தேதிக்குச் செய்யலாம், வட்டிக் கணக்குக்குச் செய்யலாம், ஸ்டாக்கில் எத்தனை பெட்டி என்பதற்குச் செய்யலாம். ஊகிக்கக் கூடாத விஷயம் எதுவெல்லாம் உங்கள் மேஜையில் இருக்கிறதோ, அதற்கெல்லாம்.

உங்கள் ஆபீஸிலும் இந்த ஆசாமி வேலைக்குச் சேர்ந்திருந்தால், கருவி எதையும் கொடுக்காமல், நேரடியாக எழுதச் சொல்லி 200 யூ.யூ.ஐ.டி. கேட்டுப் பாருங்கள். வாங்கி எக்ஸெல்லில் போட்டு, வரிசைப்படுத்தி, இரட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். அப்படியே மூன்றாவது கூட்டத்தில் 4 இருக்கிறதா, ஜி எங்காவது தலை காட்டுகிறாரா என்றும் பார்த்துவிடுங்கள். பத்து நிமிஷ வேலை. மத்தியானம் சாப்பாட்டுக்குப் போவதற்கு முன்னால் முடித்துவிடலாம்.